கிணற்றுத் தண்ணீரில் வந்த நீலம்

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் புனேயில் ஓர் ஆய்வகத்தில் வேலை பார்த்தேன். மண்ணிலிருந்து பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து வளர்த்து, அதன் குணங்களை ஒன்று விடாமல் எழுதுவது என் வேலை. வீடு கோர்படியில், ரயில்வே காலனியில். கண்ணாடித் தட்டில் ஒரே இடத்தில் பெருகிப் பொட்டு அளவுக்கு வளரும் பாக்டீரியாக் கூட்டத்துக்கும் காலனி என்றுதான் பெயர். "காலையில ஒரு காலனியில இருந்து கெளம்பி இன்னொரு காலனிக்குப் போறா" என்று அப்பா நான்கு வருஷம் அலுக்காமல் சொல்லிச் சிரித்தார்.

அம்மாவுக்கு இதில் சிரிக்க ஒன்றும் இல்லை. "எம்.எஸ்ஸி. படிச்சவ மண்ணைக் கிண்டிக்கிட்டு நிக்கான்னு ஊருக்கு எழுதவாட்டி நான்?" என்பாள். திருநெல்வேலியை விட்டு வந்து இருபது வருஷம் ஆகியும் அவள் பேச்சு அப்படியே இருந்தது. மராத்திச் சொற்கள் சில மட்டும் நடுவில் வந்து இடம் பிடித்திருந்தன. குழாயை அவள் நள் என்பாள், காய்கறியை பாஜி என்பாள்.

எனக்குப் பொறுமை கிடையாது. இதைச் சொன்னால் அந்த வேலைக்கு எப்படிப் போனாய் என்று இப்போதும் கேட்கிறார்கள். பாக்டீரியாவின் குணங்களை எழுதுவது, பெண் பார்க்கப் போனவர்கள் திரும்பி வந்து சொல்வது போல அரை மணியில் முடிகிற காரியம் இல்லை. எந்த உணவில் வளர்கிறது, எதில் சுணங்குகிறது, பாலைத் திரிக்கிறதா, ஜெலட்டினைக் கரைக்கிறதா, எந்தச் சர்க்கரையைத் தின்கிறது, எந்தச் சூட்டில் நின்றுவிடுகிறது, நுண்ணோக்கியில் பெருகுவதற்காக அது விடும் வித்துகளின் சங்கிலி நேராக இருக்கிறதா சுருளாக இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றையும் மூன்று முறை செய்ய வேண்டும். மூன்றாவது முறை வேறு மாதிரி வந்தால் மறுபடி முதலிலிருந்து. அப்போதெல்லாம் நான் பல்லைக் கடித்துக்கொண்டு தமிழில் திட்டுவேன். சுற்றிலும் யாருக்கும் தமிழ் தெரியாது என்பது பெரிய வசதி.

எங்கள் பிரிவின் தலைவர் மராத்திக்காரர். நாங்கள் அவரை சார் என்போம். அவர் என்னை பாயி என்பார். படித்த பெண்களை அங்கே மரியாதையாக அப்படித்தான் அழைப்பார்கள். ஆங்கிலமும் மராத்தியும் கலந்து பேசிக்கொள்வோம். அந்தப் பேச்சை இங்கே தமிழில் எழுதுகிறேன்.

சார் முப்பது வருஷம் மண்ணைப் பார்த்தவர். ஆனால் ஒரு புது இனத்துக்குக்கூட அவர் பெயர் வைத்ததில்லை. யாரும் அதுவரை எழுதாத ஓர் இனத்தைக் கண்டு, அதை முழுதாக வர்ணித்து அச்சில் வெளியிட்டால், அதற்குப் பெயர் சூட்டும் உரிமை நமக்கு. அந்தப் பெயருக்குப் பக்கத்தில் நம் பெயரும் என்றைக்கும் நிற்கும். இரண்டு தடவை சார் அதன் கிட்டத்தில் போயிருக்கிறார். இரண்டு தடவையும் வெளிநாட்டில் யாரோ சில மாதங்கள் முந்திக்கொண்டார்கள். இதை அவர் ஒருபோதும் சொல்ல மாட்டார், ஆனால் பாட்டில் கழுவுகிறவர் வரைக்கும் எல்லாருக்கும் தெரியும். அவருக்கு அறுபத்திரண்டு ஜூனில் ஓய்வு.

அறுபத்தொன்று ஜூலையில் ஊருக்கு மேலே இருந்த அணை உடைந்து ஆற்றங்கரைப் பேட்டைகள் எல்லாம் வெள்ளத்தில் போயின. எங்கள் கோர்படி மேட்டில் இருந்ததால் தப்பியது. ஆய்வகத்துக்குள்ளும் தண்ணீர் வரவில்லை. ஆனால் ஊருக்குக் குடிநீர் கொடுத்ததே அந்த அணைத் தண்ணீர்தான். வெள்ளம் வடிந்த மறுநாள் குழாயைத் திறந்தால் காற்று சீறியது. மூடிக் கிடந்த பழைய கிணறுகளை எல்லாம் தூர்வாரினார்கள். லாரியில் தண்ணீர் வந்தது. அம்மா வரிசையில் நின்று, மராத்தியிலும் இந்தியிலும் சண்டை போட்டு, கடைசியில் கோபம் முற்றினால் தமிழில் சண்டை போட்டுத் தண்ணீர் பிடித்தாள்.

அந்த ஆகஸ்டில் ஒரு மழை விட்ட காலையில் வானவடிப் பக்கம், ராணுவ மைதானத்தை ஒட்டிய மேட்டில் மண் எடுக்கப் போனேன். நெருப்பில் காட்டிய கரண்டியால் நாலு விரற்கடை ஆழத்தில் தோண்டி, காகித உறையில் போட்டு, இடத்தையும் நாளையும் எழுத வேண்டும். காவலுக்கு நின்ற சிப்பாய் ஒருவர் இந்தியில் என்ன தேடுகிறேன் என்று கேட்டார். என் இந்தியைக் கேட்டவுடன் சிரித்துவிட்டு, "அக்கா, தமிழா? மோதிரம் கீதிரம் விழுந்திருச்சா?" என்றார். மண் வேண்டும் என்றேன். ஒரு நிமிஷம் என்னைப் பார்த்துவிட்டு, "இந்தப் பக்கம் நல்லா இருக்கும்" என்று ஒரு வேலமரத்தடியைக் காட்டினார். எனக்கு வந்த எரிச்சலில் அந்த மரத்தடியிலேயே எடுத்தேன்.

அந்த உறை மண்ணிலிருந்து வந்ததுதான் நான் சொல்லப்போகிற பாக்டீரியா. முதல் நாலு நாள் தட்டில் சுண்ணாம்புப் பொடி தூவினாற்போல வெள்ளையாக இருந்தது. மூடியைத் திறந்தால் முதல் மழை பெய்த மண்ணின் வாசனை. இதெல்லாம் மண்ணில் நூல்போலப் படரும் அந்தப் பாக்டீரியாக் குடும்பத்தில் எல்லாவற்றுக்கும் உள்ளதுதான். ஆறாம் நாள் தட்டைத் திருப்பி அடிப்பக்கம் பார்த்தேன். நீலம். மறுநாள் அந்த நீலம் இறங்கி உணவு முழுக்கப் பரவியிருந்தது. என்னிடம் ஒரு மயில்கழுத்துப் பட்டு இருந்தது, அந்த நீலம்.

சாரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கையிலிருந்து கீழே வைக்காமலே அடுத்த கையால் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "பாயி, இதைத் தனியா வைங்க. வேற வேலை எல்லாம் நிறுத்துங்க" என்றார்.

ஐந்து மாதம் அதோடுதான் இருந்தேன். நிறத்தைச் சரியாகச் சொல்ல வெளிநாட்டில் வண்ணப் புத்தகம் ஒன்று உண்டு. எங்களிடம் அது இல்லை. லக்ஷ்மி ரோடில் தையல் சாமான் கடை ஒன்றில் எம்பிராய்டரி நூல்களின் வண்ண அட்டையைக் கெஞ்சி வாங்கி வந்தேன். ஒவ்வொரு தட்டையும் அந்த நூல்களுக்குப் பக்கத்தில் வைத்து எண்ணைக் குறிப்பேன். சார் பார்த்துவிட்டு, "இது ஆய்வகமா, டெய்லர் கடையா?" என்றார். ஒரு வாரத்தில் அவரே அந்த அட்டையை வாங்கி, என் கண்ணுக்கும் அவர் கண்ணுக்கும் ஒரே எண்தானா என்று ஒத்துப்பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

குணங்களை எல்லாம் எழுதி, நூலகத்தில் இருந்த புத்தகங்களோடு ஒப்பிட்டோம். ஏற்கெனவே வேறொரு நாட்டில் வர்ணிக்கப்பட்ட ஓர் இனம் இதற்கு மிக நெருக்கமாக இருந்தது. வித்துச் சங்கிலி அதே சுருள். பால், ஜெலட்டின், சர்க்கரை எல்லாம் அதே பதில். ஒரே ஒரு வித்தியாசம்: அதன் அடிப்பக்கம் வைக்கோல் நிறம் என்று எழுதியிருந்தார்கள், நம்முடையது நீலம். நீலம் இருந்தால் இது புது இனம். நீலம் இல்லாவிட்டால் அந்தப் பழைய இனமே. அவ்வளவுதான் கணக்கு.

சார் பெயர் தேட ஆரம்பித்தார். இந்த ஊரின் பெயரை லத்தீனில் வளைத்து ஒன்று, நீலத்தை வைத்து ஒன்று என்று பழைய கவர்களின் முதுகில் எழுதிப் பார்ப்பார், அடிப்பார். அந்த ஐந்து மாதம் அவர் யாரையும் கடிந்து ஒரு சொல் பேசவில்லை. ஒரு நாள் ஏதோ மராத்தி நாடகப் பாட்டுக்கூட முணுமுணுத்தார். கட்டுரையில் அவர் பெயர் முதலில், என் பெயர் இரண்டாவது. நானும் மனசுக்குள் கொஞ்சம் துள்ளிக்கொண்டுதான் இருந்தேன். இல்லை என்று சொல்ல மாட்டேன்.

பிப்ரவரி மாதம் கட்டுரை தட்டச்சாகி மேஜைக்கு வந்தது. அதோடு உயிருள்ள பாக்டீரியாவையும் வெளிநாட்டுச் சேமிப்பகம் ஒன்றுக்கு அனுப்ப வேண்டும். யார் வேண்டுமானாலும் வாங்கி வளர்த்துப் பார்த்து, எழுதியது சரிதானா என்று சோதிக்கலாம். அதற்காகப் புதிதாகப் பத்துத் தட்டில் வளர்த்தேன். ஏழாம் நாள் திருப்பிப் பார்த்தேன். பத்தும் வைக்கோல் நிறம்.

கை மாறிப்போயிருக்கும், வேறு எதுவோ கலந்திருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். நுண்ணோக்கியில் பார்த்தால் அதே சுருள். சாரிடம் சொன்னேன். அவர் கலங்கவில்லை. "திரும்பத் திரும்ப வளர்த்தா இதுங்க களைச்சுப்போகும், பாயி. நிறத்தை விட்டுடும். பழைய சோதனைக் குழாயில இருந்து எடுங்க" என்றார். அது உண்மைதான், இந்தக் குடும்பத்தில் அப்படி நடப்பதுண்டு. முதலாவதாகச் சேமித்து வைத்த சோதனைக் குழாயிலிருந்து எடுத்து வளர்த்தேன். அதுவும் வைக்கோல்.

"சரி, ஒரு வரி சேர்த்துடலாம். நீண்ட நாள் வளர்த்தால் நீலம் மறையக்கூடும்னு. எல்லாரும் எழுதற வரிதானே" என்றார். எழுதிக் கொடுத்தேன், சேர்த்துத் தட்டச்சு செய்தார்கள். உறை தயாரானது. எனக்கு எங்கேயோ ஒரு நெருடல் இருந்தது, ஆனால் கண்ணெதிரே அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைத் தோண்ட மனசு வரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மா சாம்பாரை இறக்கிவைத்துவிட்டு ஒரு பெருமூச்சு விட்டாள். "இப்பதாம்ட்டி பருப்பு பருப்பா வேவுது. அந்தக் கெணத்துத் தண்ணியில மூணு மணி நேரம் அவிச்சாலும் கல்லு மாதிரிலா நின்னுச்சு. நள்ளுல தண்ணி வந்த பொறவுதான் அடுப்புக்கு விடிஞ்சுது."

நான் சோற்றில் கை வைத்தபடி இருந்தேன். "என்னட்டி, உப்பு இல்லியா?" என்றாள் அம்மா. உப்பு இருந்தது. நான் பருப்பை விரலால் நசுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் பாக்டீரியாவுக்கு நாங்கள் கொடுத்த உணவு ஓட்ஸ் கஞ்சியில் அகர் சேர்த்து உறைய வைத்தது. செய்முறைச் சீட்டில் ஓட்ஸ் இவ்வளவு, அகர் இவ்வளவு, குழாய்த் தண்ணீர் ஒரு லிட்டர் என்று இருக்கும். வடித்த நீரில் இவை சோம்பிப் போகும் என்று சாதாரணத் தண்ணீரில்தான் செய்வது வழக்கம். ஒவ்வொரு முறையும் செய்ததை நோட்டில் எழுத வேண்டும். நான் சீட்டைப் பார்த்து அப்படியே எழுதுவேன். குழாய்த் தண்ணீர், ஒரு லிட்டர். எங்கள் பிரிவில் எல்லாரும் அப்படித்தான் எழுதினோம். திங்கட்கிழமை காலை பையை வைக்கக்கூட நேரமில்லாமல் நோட்டைத் திறந்தேன். ஆகஸ்ட், குழாய்த் தண்ணீர். செப்டம்பர், குழாய்த் தண்ணீர். ஊரே குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்த மாதங்களில், என் அம்மா லாரிக்காரனோடு மல்லுக்கு நின்ற மாதங்களில், நான் அழகான கையெழுத்தில் குழாய்த் தண்ணீர் என்று எழுதி வைத்திருந்தேன்.

உணவு தயாரிக்கும் அறையில் ஒரு சிமெண்டுத் தொட்டி உண்டு. அதை நிரப்புவது எங்கள் பணியாளர் ஒருவர், கொங்கணக் கரையிலிருந்து வந்தவர். ஐம்பது வயதிருக்கும். எல்லாரும் மாமா என்போம். அவருக்கு நான் தாயி, அதாவது அக்கா. தொட்டித் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன்.

"நள்ளுல இருந்துதான் தாயி."

"எப்பலேர்ந்து?"

அவர் விரல் விட்டுப் பார்த்தார். "சங்கராந்தி வாரத்துல இருந்து. அதுக்கு முன்னாடி பின்பக்கத்து வாடாக் கிணறு." முற்றம் வைத்த பழைய பெரிய வீட்டை அங்கே வாடா என்பார்கள்.

"குழாயில தண்ணி தீபாவளிக்கு முன்னாலயே வந்துருச்சே மாமா?"

"வரும், எப்ப வரும்னு யாருக்குத் தெரியும்? கிணறு கையில இருக்கு. இப்ப வாடாக்காரங்க கிணத்துக்குப் பூட்டுப் போட்டுட்டாங்க, அதான் நள்ளுக்கு மாறிட்டேன்." என் முகத்தைப் பார்த்து அவருக்குப் பயம் வந்துவிட்டது. "யாரும் கேக்கலையே தாயி. தப்பாயிடுச்சா?"

தப்பு அவருடையது இல்லை. ஐந்து மாதமும் தண்ணீர் சுமந்தது அவர். தொட்டியில் இருந்தது என்ன தண்ணீர் என்று ஒரு தடவை திரும்பிப் பார்க்காதது நான். அதைச் சொன்னேன். அவர் நம்பினாரோ என்னவோ, அன்று முழுக்க என் பக்கம் வரவே இல்லை.

வாடாக்கார அம்மாளிடம் போய் ஒரு டின் கிணற்றுத் தண்ணீர் கேட்டேன். ஊரில் தண்ணீர் வந்த பிறகும் கிணற்றுக்கு ஆள் வருகிறதே என்று முணுமுணுத்துக்கொண்டு சாவி கொடுத்தாள். சாரிடம் சொல்லவில்லை. கிணற்றுத் தண்ணீரில் ஆறு தட்டு, குழாய்த் தண்ணீரில் ஆறு தட்டு. ஒரே ஓட்ஸ், ஒரே அகர், ஒரே நாள், ஒரே இன்குபேட்டர். உறையை அனுப்புவதற்கு இன்னும் ஒரு வாரம் வேண்டும், ஒரு புகைப்படம் சரியில்லை என்று ஒரு பொய் சொன்னேன். வேலையில் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

ஆறாம் நாள் கிணற்றுத் தட்டுகளில் நீலம் கட்டியது. எட்டாம் நாள் ஆறும் மயில்கழுத்து. பக்கத்திலேயே குழாய்த் தட்டுகள் ஆறும் வைக்கோல்.

அந்தக் கிணற்றில் என்ன உப்பு இருந்ததோ, அந்தப் பாறையில் என்ன இருந்ததோ, அதுதான் நீலத்தைக் கொண்டுவந்தது. அது இல்லாத தண்ணீரில் நம் பாக்டீரியாவும் அந்தப் பழைய இனமும் ஒன்றேதான். அந்தப் பழைய இனத்தைக் கொண்டுவந்து இந்தக் கிணற்றுத் தண்ணீரில் வளர்த்திருந்தால் அதுவும் நீலமாகியிருக்கும் என்று எனக்குத் தோன்றியது. நான் அந்த இன்குபேட்டரின் முன்னால் நின்று அழுதேன். எனக்காகவும்தான், ஆனால் சாரை நினைத்துத்தான் அதிகம்.

பேசாமல் இருந்திருக்கலாமே என்று பிற்பாடு கூடப் படித்த ஒருத்தி கேட்டாள். இருந்திருக்கலாம். நிறம் களைத்துப்போகும் என்ற அந்த ஒரு வரி எங்களைக் காப்பாற்றியிருக்கும். எந்த ஊரில் வளர்த்து வைக்கோல் நிறம் வந்தாலும், வழியில் களைத்துவிட்டது என்று எல்லாரும் நம்பியிருப்பார்கள். நியாயம், அறம் என்று பெரிய வார்த்தை ஒன்றும் அப்போது எனக்குத் தோன்றவில்லை. தெரிந்த பிறகு அந்த வரியைப் படிக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

பன்னிரண்டு தட்டையும் டிரேயில் வைத்து அவர் அறைக்கு எடுத்துக்கொண்டு போனேன். ஒட்டுவதற்குத் தயாராக உறை மேஜையில் இருந்தது. சொன்னேன். பருப்பைப் பற்றியும் சொன்னேன். அவர் ஒவ்வொரு தட்டாகத் திருப்பிப் பார்த்தார். நான் திட்டு வாங்கத் தயாராக நின்றேன்.

"தண்ணி எங்க இருக்கு?" என்றார்.

மாமாவைக் கூப்பிட்டு இரண்டு தண்ணீரையும் கொண்டுவரச் சொன்னார். கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு உணவு அறைக்குப் போனார். அவர் தன் கையால் தட்டு ஊற்றிப் பல வருஷம் ஆகியிருக்கும். ஓட்ஸை அவரே எடைபோட்டார். என்னை எதையும் தொட விடவில்லை. எனக்கு உறைத்தது. என்னை நம்பவில்லை என்று நினைத்தேன்.

எட்டு நாள் காத்திருந்தோம். தினமும் காலையில் அவர் நேராக இன்குபேட்டருக்குப் போவார், கதவைத் திறப்பார், மூடுவார், அறைக்குப் போய்விடுவார். சாமி நம்பிக்கை பெரிதாக இல்லாத நான், அந்த வாரம் அவருடைய குழாய்த் தட்டுகளில் ஒன்றாவது நீலமாகட்டும் என்று ஒவ்வொரு நாளும் வேண்டிக்கொண்டேன். என் சோதனை தப்பாகட்டும், நான் முட்டாள் என்று ஆகட்டும், பரவாயில்லை என்று வேண்டினேன்.

ஒன்பதாம் நாள் காலை நான் போனபோது அவர் தட்டுகளை இரண்டு வரிசையாக மேஜையில் அடுக்கியிருந்தார். ஒரு வரிசை நீலம், ஒரு வரிசை வைக்கோல். உறையை எடுத்து என்னிடம் நீட்டினார். "இதை எங்கயாவது உள்ள வைங்க, பாயி" என்றார். குரல் எப்போதும் போலத்தான் இருந்தது. அன்று மதியம் அவர் வீட்டுக்குப் போய்விட்டார், தலைவலி என்று.

இரண்டு மாதம் அதைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. ஓய்வுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது என்னைக் கூப்பிட்டார். நிறம் தண்ணீரைப் பொறுத்து மாறுகிறது என்பதை ஒரு சின்னக் குறிப்பாக எழுதச் சொன்னார். எழுதினேன், அரைப் பக்கம். மேலே வழக்கம்போல அவர் பெயர், பிறகு என் பெயர். அவர் பேனாவை எடுத்துத் தன் பெயரை ஒரே கோடாக அடித்தார். "உங்க நோட்டு, உங்க தண்ணி. நீங்களே எழுதுங்க" என்றார்.

சாட்டையால் அடித்தது போல இருந்தது. கண்டுபிடிப்பு என்றால் முதல் பெயர் அவருக்கு, தவறு என்றால் மொத்தமும் எனக்கா? ஓய்வு விழாவில் மாலை போட்டார்கள், நான் பின்வரிசையில் நின்று கைதட்டினேன். காலேஜில் கூடப் படித்தவர்களிடமெல்லாம் சொன்னேன், தன் பெயரில் ஒரு தூசி ஒட்டக் கூடாதாம் மனுஷனுக்கு என்று. அம்மாவிடம் சொன்னபோது மட்டும் அவள் ஒத்துக்கொள்ளவில்லை. "அவுக மனசு என்ன பாடு பட்டுச்சோ, நீ என்னத்தக் கண்ட?" என்றாள். எனக்குக் கோபம் வந்து சாப்பிடாமல் எழுந்துபோனேன்.

குறிப்பு அச்சில் வந்தது. அடுத்த வருஷம் ஒரு கல்லூரியில் விரிவுரையாளர் வேலைக்கு மனுப் போட்டேன். பழைய தலைவரின் சான்றிதழ் கேட்டார்கள். வேறு வழியில்லாமல் சதாசிவ் பேட்டில் இருந்த அவர் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவர் ஒரு சுற்று இளைத்திருந்தார். வெள்ளைப் பைஜாமாவில் அவரைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. சான்றிதழை அங்கேயே உட்கார்ந்து எழுதினார். என் பொறுமையைப் பாராட்டி ஒரு வரி எழுதியிருந்தார். அதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. வாயை அடக்க முடியாமல் கேட்டேவிட்டேன்.

"சார், அந்தக் குறிப்புல உங்க பேரை ஏன் அடிச்சீங்க? நான் பண்ணின தப்புன்னா?"

அவர் பேனாவை மூடினார். "தப்பா? யார் சொன்னது? அந்தத் தொட்டித் தண்ணியை நானும்தானே அஞ்சு மாசம் கேக்கல." என் கையிலிருந்த சான்றிதழை வாங்கி மடித்தார். "முப்பது வருஷம், பாயி. புது இனம்னு ஒரு பக்கத்துல என் பேரைப் பார்க்கணும்னு இருந்தேன். இல்லைன்னு சொல்ற பக்கத்துல அதைப் பார்க்கத் தைரியம் வரல. வேற ஒண்ணும் இல்ல."

ஒரு வருஷம் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தது எல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்து என் முகம் எரிந்தது. மன்னிப்புக் கேட்கவும் முடியவில்லை. நான் சொன்னது எதுவும் அவர் காதுக்கு எட்டியிருக்காது, கேட்டால் எதற்கு என்பார்.

எழுந்திருக்கும்போது அவரே கேட்டார். "அது இன்னும் உயிரோட இருக்கா?"

இருக்கிறது என்றேன்.

"வாடாக்காரங்க கிணத்தை இப்பவும் பூட்டித்தான் வெச்சிருக்காங்களா?"

சாவி கேட்டால் கொடுப்பார்கள் என்றேன். அவர் தலையை ஆட்டினார்.

அடுத்த இரண்டாவது சனிக்கிழமை கிணற்றுத் தண்ணீரில் நீலம் கட்டிய ஒரு தட்டைப் பேப்பரில் சுற்றி, டிபன் கூடையில் துணிக்கு நடுவே வைத்து, பஸ்ஸில் மடியில் ஏந்திக்கொண்டு போனேன். ஆய்வகத்திலிருந்து இப்படி எடுத்துப்போவது விதிக்கு விரோதம். அவர் ஜன்னலுக்குப் பக்கத்தில் போய், தட்டைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தார். உள்ளேயிருந்து அவர் மனைவியையும் கூப்பிட்டுக் காட்டினார். அந்த அம்மாள் பார்த்துவிட்டு, நல்ல நிறம் என்று சொல்லிவிட்டு டீ போடப் போனாள். அவர் மட்டும் கையை இறக்கவில்லை.

"நமக்கு முன்னாடியே யாரோ இதைப் பார்த்துட்டாங்க, பாயி" என்றார். "ஆனா இந்த நீலத்தை அவங்க பார்க்கல."